மூன்றாம் ஆண்டிலேயே நியூரோசர்ஜரி என்று முடிவு செய்யலாமா?

கேள்வி: சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நியூரோசர்ஜன் (மூளை, தண்டுவட அறுவை சிகிச்சை நிபுணர்) ஆக வேண்டும் என்பது என் விருப்பம். எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாக ஆறாண்டுப் படிப்பில் சேர்வது நல்லதா, பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்துவிட்டுப் போவது நல்லதா? இப்போதே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டால்தான் இடம் கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். தையல் பழகும்போது என் கை லேசாக நடுங்குகிறது. பெண்ணுக்கு இந்தத் துறை ஒத்துவருமா, முப்பது வயதுவரை படித்துக்கொண்டேயிருப்பாயா என்று அம்மா கவலைப்படுகிறார். நான் இப்போதிலிருந்து என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தாலும் அவை இரண்டு விஷயங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, நியூரோசர்ஜரியில் பயிற்சி இடத்தைப் பெறுவது. மற்றொன்று, அந்தப் பயிற்சியைத் தாங்கி முடித்து, அதன் பிறகு முப்பது ஆண்டுகள் அதே வேலையைச் செய்துகொண்டிருக்க நீங்கள் ஏற்றவர்தானா என்று அறிந்துகொள்வது. நம் நாட்டில் முதலாவதைத் தீர்மானிப்பது தேர்வுத் தரவரிசையும் இடஒதுக்கீட்டு விதிகளும் மட்டுமே. உங்கள் ஆர்வத்தையோ கைத்திறனையோ பொறுமையையோ அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டாவதை எந்தத் தேர்வும் சோதிப்பதில்லை என்பதால் அதை நீங்களேதான் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மாணவப் பருவத்தைவிட வசதியான காலம் பிறகு வாய்க்காது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள், இடம் வாங்கித் தராத சான்றிதழ்களைச் சேர்ப்பதில் காலத்தைச் செலவிட்டு, தேர்வுக்கும் ஒழுங்காகப் படிக்காமல் வார்டையும் பார்க்காமல் பயிற்சி மருத்துவர் ஆண்டுக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

முதலில் பாதைகளைச் சொல்லிவிடுகிறேன். நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பும் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணியும் முடிந்த பிறகு இரண்டு வழிகள் உள்ளன. பொது அறுவை சிகிச்சையில் மூன்றாண்டு எம்.எஸ். அல்லது தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. முடித்து, உயர்சிறப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதி, நியூரோசர்ஜரியில் மூன்றாண்டு எம்.சி.எச். அல்லது அதே வாரியத்தின் டி.ஆர்.என்.பி. சேர்வது ஒரு வழி. எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ஆறாண்டுப் படிப்பில் நேரடியாகச் சேர்வது மற்றொரு வழி. டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களின் ஆறாண்டு எம்.சி.எச். இடங்கள் அந்நிறுவனங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான ஐ.என்.ஐ.-சி.இ.டி. வழியாக நிரப்பப்படுகின்றன. தேசியத் தேர்வு வாரியத்தின் ஆறாண்டு டி.ஆர்.என்.பி. இடங்களுக்கு, முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யின் தரவரிசை பயன்படுகிறது. நம் மாநில முதுநிலைக் கலந்தாய்விலும் ஆறாண்டு எம்.சி.எச். இடம்பெற்றதுண்டு. எந்த ஆண்டில் எங்கே எத்தனை இடம் என்பது மாறிக்கொண்டேயிருக்கும். ஆகவே விடுதிப் பேச்சை நம்பியிராமல், அந்தந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டை நீங்களே இறக்கிப் படியுங்கள்.

கூட்டிப் பார்த்தால் இரண்டு வழிகளும் காகிதத்தில் ஆறு ஆண்டுகள்தான். வேறுபாடு நடுவில் இருக்கிறது. எம்.எஸ். வழியில் இரண்டாவது நுழைவுத் தேர்வு ஒன்று குறுக்கே நிற்கிறது; அதற்குப் படிக்க ஓராண்டு, எழுதிக்கொடுத்த பாண்டின்படி (ஒப்பந்தப்படி) அரசுக்குச் செய்ய வேண்டிய பணிக்குச் சிறிது காலம் என்று ஆறு ஆண்டு ஏழாகவும் எட்டாகவும் நீள்வது சாதாரணம். ஆனால் அந்த வழியில் ஒரு கதவு திறந்தே இருக்கும். எம்.எஸ். படிக்கும்போது உங்கள் மனம் யூராலஜி பக்கமோ, குழந்தைகள் அறுவை சிகிச்சை பக்கமோ, ஊரோடு இருந்து பொது அறுவை சிகிச்சை செய்வதன் பக்கமோ திரும்பினால், கையில் ஒரு முழுப் பட்டம் இருக்கிறது. நேரடி ஆறாண்டுப் படிப்பில் இந்த வசதி கிடையாது. இரண்டாம் ஆண்டில் இது எனக்கு ஆகாது என்று வெளியேறினால் எம்.எஸ். பட்டமும் இருக்காது, இடத்தைப் பாதியில் விட்டதற்கு, சேர்ந்த நிறுவனத்தின் விதிப்படி அபராதமும் கட்ட நேரலாம், அடுத்த தேர்வு எழுதத் தடையும் வரலாம். அதற்கு மாறாக, நேரடிப் படிப்பில் சேர்ந்தவர் தொடக்கத்திலிருந்தே ஒரே துறையின் பார்வைக்குள் வளர்கிறார், மூன்றாண்டு எம்.சி.எச். மாணவர் அவசர அவசரமாகக் கற்க வேண்டியதை அவர் நிதானமாகக் கற்கிறார். இந்த ஆதாயம் சிறியதன்று.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். சி.ஆர்.ஆர்.ஐ. முடிவதற்குள் நியூரோசர்ஜரி வார்டில் பல வாரங்கள் இருந்து பார்த்து, அதன் பிறகும் உங்களுக்கு இதுதான் வேண்டும் என்று தோன்றி, தரவரிசையும் இடம் கொடுத்தால், நேரடிப் படிப்பைத் தயங்காமல் எடுங்கள். சிறிதேனும் ஐயம் மிச்சமிருந்தால் எம்.எஸ். எடுங்கள். வயிற்றைத் திறக்கத் தெரிந்த, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தப் பழகிய, விபத்தில் அடிபட்டவரை முழு உடலாகப் பார்க்கக் கற்ற ஒருவர் நியூரோசர்ஜரிக்கு வரும்போது, அந்த மூன்று ஆண்டுகள் வீண் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லமாட்டார்.

அரசுப் பணி வழியையும் நினைவில் வையுங்கள். மாணவர்கள் இதைப் பெரும்பாலும் கடைசியில்தான் கேள்விப்படுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கும் அரசாணை 2020-இல் வந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்த அனுமதித்தது. முதுநிலைப் படிப்பிலும் பணியிலுள்ளோருக்கு ஒதுக்கீடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு எம்.எஸ்., பிறகு எம்.சி.எச். என்று போனவர்கள் நம் மாநிலத்தில் ஏராளம். காலம் கூடும், ஆனால் சம்பளம், பணி மூப்பு, பயிற்சிக்குப் பின் காத்திருக்கும் வேலை ஆகியவை உறுதி. குடும்பப் பொருளாதாரம் இடம் கொடாதவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பேன்.

இனி தேர்வு. நீட் பி.ஜி. தேர்வில் 200 வினாக்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். முதலாண்டு உடற்கூறியலில் தொடங்கி இறுதியாண்டு மகப்பேறு மருத்துவம்வரை பத்தொன்பது பாடங்களும் அதில் வரும். நியூரோசர்ஜரிக்கென்று வரும் வினாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐ.என்.ஐ.-சி.இ.டி. ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. அங்கும் பாடப்பரப்பு இதேதான். ஆகவே உங்களுக்கு மூளை அறுவை சிகிச்சையில் இடம் வாங்கித் தரப்போவது சமூக மருத்துவமும் மருந்தியலும் நோய்க்குறியியலும் என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ‘எனக்கு நியூரோதான் பிடிக்கும்’ என்று சொல்லிக்கொண்டு தடுப்பூசி அட்டவணையைப் படிக்காமல் விடுபவர் தரவரிசையில் பின்தங்குவார். உயர்சிறப்புத் தேர்விலும் இதே வேடிக்கை தொடர்கிறது: நீட் எஸ்.எஸ். தேர்வில் அறுவை சிகிச்சைப் பிரிவினர் எல்லோருக்கும் பொதுவான ஒரே வினாத்தாள், வினாக்கள் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சைப் பாடத்திலிருந்து வருகின்றன. நியூரோசர்ஜரி கேட்பவரும் குடலிறக்கத்தையும் தைராய்டையும் கணையத்தையும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் நெக்ஸ்ட் என்ற தேர்வைப் பற்றிய ஏற்பாடும் உள்ளது. அது நடைமுறைக்கு வந்தால் இறுதியாண்டுத் தேர்வும் முதுநிலை நுழைவுத் தேர்வும் ஒன்றாகிவிடும். எந்த முறை வந்தாலும், இந்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டிலேயே ஒழுங்காக முடிப்பவருக்கு இழப்பில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரை பற்றிச் சீனியர்கள் சொன்னது அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே நியூரோசர்ஜரிப் பயிற்சி ஏழு ஆண்டுகள். நேர்காணலும் பரிந்துரைக் கடிதங்களும் கட்டுரைகளும் தேர்வில் பெரும்பங்கு வகிக்கின்றன. அவர்களுடைய மருத்துவ உரிமத்துக்கான முதற்கட்டத் தேர்வு 2022-இலிருந்து மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் சொல்வதால் கட்டுரைகளின் எடை இன்னும் கூடிவிட்டது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அந்தத் துறையின் கதவு மிகக் குறுகலானது. நீங்கள் இந்தியாவில் பயிற்சி பெற நினைத்தால், நூறு கட்டுரை வெளியிட்டிருந்தாலும் கலந்தாய்வில் அரை மதிப்பெண் கூடாது. அதற்காக ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கென்று நடத்தும் குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒரு வினாவை எழுதி, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, நோயாளிகளின் பதிவுகளை நேர்மையாகச் சேகரித்து, கிடைத்த முடிவு சுவையற்றதாக இருந்தாலும் அப்படியே எழுதி முடிக்கும் அனுபவம் ஒருமுறை போதும். பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள்; செய்யாத வேலைக்குப் பெயர் போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்த வயதில் தொற்றினால் பிறகு விடாது.

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். என் பார்வையில் இதுதான் முக்கியமானது. நியூரோசர்ஜரி என்றதும் மாணவர்கள் மனத்தில் தோன்றுவது நுண்ணோக்கியின் கீழே கட்டியைப் பிரித்தெடுக்கும் காட்சி. அரசு மருத்துவமனையில் பயிற்சி மாணவரின் நாள் அப்படிப் போவதில்லை. இரவு பதினொரு மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையிலிருந்தோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்தோ 108 ஆம்புலன்ஸ் கொண்டுவரும், தலைக்கவசம் அணியாத இருசக்கர வாகன ஓட்டிகளோடுதான் பயிற்சியின் பெரும்பகுதி கழிகிறது. மிச்ச நேரத்தில் கணிசமான பங்கு மூளைக்கே சொந்தமில்லை. புறநோயாளிப் பிரிவில் முதுகுவலி, கால் மரத்துப்போதல், முதுகெலும்பு வட்டு நழுவல் என்று தண்டுவடக் கேஸ்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இது அலுப்பாகத் தோன்றினால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே, துறைத் தலைவரிடம் முறைப்படி அனுமதி வாங்கி, உங்கள் எலெக்டிவ் (விருப்பப் பிரிவில் பயிலும்) காலத்திலும் விடுமுறையிலும் நியூரோசர்ஜரி வார்டுக்குப் போங்கள். தியேட்டருக்கு முதலில் போகாதீர்கள். அங்கே பின்வரிசையில் நின்று பார்ப்பவருக்குப் பச்சைத் துணியும் மற்றவர்களின் முதுகும்தான் தெரியும். தலைக்காயப் பிரிவில் டியூட்டியிலிருக்கும் பி.ஜி.யோடு (முதுநிலை மாணவரோடு) ஓர் இரவு முழுவதும் இருங்கள். 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த நினைவுநிலை அளவுகோலைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்: அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, ஆகமொத்தம் 15. அதை ஒருமுறை போடுவது எளிது. ஒரே நோயாளிக்கு ஒவ்வொரு மணி நேரமும் போட்டு, 15 இருந்தவர் 13 ஆனதை மற்றவர்களுக்கு முன்பாகக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் ரத்தம் சேரும் நோயாளி, அடிபட்டுச் சிறிது நேரம் மயங்கி, பிறகு தெளிந்து, ‘எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்’ என்று பேசிக்கொண்டிருக்கலாம். அடுத்த சில மணி நேரத்தில் ஒரு பக்கத்துக் கண்மணி விரிந்து நினைவிழந்துவிடலாம். அந்த இடைவெளிக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்து ரத்தக்கட்டியை அகற்றிவிட்டால் அவர் நடந்தே வீட்டுக்குப் போவார். எழுத்தில் இரண்டு வரியாக இருக்கும் இந்தப் பாடம், டிராலி தள்ள ஆள் தேடும் இரவில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்ததாக, இரண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கையிலிருந்து மூன்று மாதம்வரை பின்தொடருங்கள். ஒருவர், வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததை மறந்துபோன முதியவராக இருக்கட்டும். மூளைக்கு மேலே மெல்ல மெல்ல ரத்தம் தேங்கி, தடுமாற்றமும் மறதியும் வந்து, வயதுதான் காரணம் என்று வீட்டார் விட்டிருப்பார்கள். மண்டையோட்டில் சிறு துளைகள் இட்டு அதை வடித்தபின் பெரும்பாலோர் தெளிந்துவிடுவார்கள். மற்றவர், விபத்தில் நரம்பிழைகள் பரவலாகச் சிதைந்த இளைஞராக இருக்கட்டும். இவருடைய சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கக்கூடும். அறுவை சிகிச்சை செய்ய ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் கண் விழிக்கமாட்டார். தொண்டையில் துளை, மூக்கில் உணவுக் குழாய், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் தாய் என்று அந்தக் கட்டில் மாதக்கணக்கில் இருக்கும். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியில், அறுவை சிகிச்சை குறையின்றி நடந்து, கதிர்வீச்சும் மருந்தும் முறையாகக் கொடுத்த பிறகும் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டும் காலம்) ஏறத்தாழ பதினைந்து மாதங்கள்தான். இந்தச் செய்தியை உறவினரிடம் எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். நன்றாக முடியாத கேஸ்களின் அருகில் இருக்க உங்களால் முடிகிறதா, மறுநாள் காலை அதே கட்டிலுக்கு ரவுண்ட்ஸ் போக மனம் வருகிறதா என்பதே நீங்கள் தேடும் விடை. முடியவில்லையென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நரம்பியல் மருத்துவமும் கதிரியக்கவியலும் மயக்கவியலும் இதே மூளையைத்தான் வேறு வழியில் கவனிக்கின்றன.

படிப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: நரம்பு மண்டல உடற்கூறியல். முதலாண்டில் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததை இப்போது நோயாளியோடு பொருத்திப் படியுங்கள். ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பாகவே, பழுது பெருமூளையிலா, மூளைத்தண்டிலா, தண்டுவடத்திலா, நரம்பு வேரிலா என்று உங்கள் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு படத்தைத் திறந்து பாருங்கள்.

கை நடுக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லாக் கைகளிலும் நுண்ணிய நடுக்கம் உண்டு. காபி, தூக்கமின்மை, யாராவது பார்க்கிறார்களே என்ற பதற்றம் ஆகியவை அதைக் கூட்டும். நுண்ணோக்கியில் வேலை செய்பவர்கள் முன்கையையும் மணிக்கட்டையும் தாங்கலில் ஊன்றிக்கொண்டு விரல்களை மட்டுமே அசைக்கிறார்கள். அந்தரத்தில் கையை நீட்டித் தைப்பவர் யாரும் இல்லை. விடுதி அறையில் முடிச்சுப் போட்டுப் பழகுங்கள். கோழி இறக்கையின் ரத்தக்குழாயைத் தைத்துப் பழகுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஓய்வாக இருக்கும்போதும் நடுக்கம் தெரிந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்தாலோ, எடை குறைதலும் படபடப்பும் சேர்ந்திருந்தாலோ, தைராய்டு பரிசோதனை செய்துகொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் அம்மாவின் கவலைக்கு இந்த ஊரிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. 1949-இல் ஜேக்கப் சாண்டி வேலூரில் இத்துறையைத் தொடங்க, 1950-இல் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அதே சென்னையில் 1963-இல் எம்.எஸ். பட்டமும் 1968-இல் நியூரோசர்ஜரியில் எம்.சி.எச். பட்டமும் பெற்ற டி.எஸ். கனகா இந்தியாவின் முதல் பெண் நியூரோசர்ஜன். அவர் வந்த வழியும் எம்.எஸ். வழிதான். ஆனால் அறுபது ஆண்டுக்கு முந்தைய முன்னுதாரணத்தைச் சொன்னால் எந்த அம்மாவும் சமாதானமாகமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய கேள்வி, உங்கள் இருபதுகள் எப்படிக் கழியும் என்பது. பதினெட்டில் சேர்ந்தவர் இருபத்து மூன்று, இருபத்து நான்கில் எம்.பி.பி.எஸ். முடித்து, எல்லாம் சரியாக அமைந்தால் முப்பதை ஒட்டிப் பயிற்சியை முடிப்பார். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளும் பெற்றோர் பணத்தில் படிக்கும் காலமல்ல. மாதந்தோறும் உதவித்தொகை பெற்றுக்கொண்டு பணிபுரியும் மருத்துவராக இருப்பீர்கள். திருமணத்துக்குத் தடையில்லை. மகப்பேறு விடுப்பு உண்டு. எடுத்த விடுப்புக்கு ஏற்பப் பயிற்சிக் காலம் நீளக்கூடும். தண்டுவட அறுவை சிகிச்சைகளில் எக்ஸ்ரே பயன்படுவதால் கர்ப்ப காலத்தில் அந்தத் தியேட்டர்களைத் தவிர்க்க வேண்டியிருக்கும். அதைத் துறையில் முன்கூட்டியே சொல்லி மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் என் கடிதத்தைக் காட்டிச் சொல்வதைவிட, உங்கள் கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ நியூரோசர்ஜரி படிக்கும் ஒரு பெண் பி.ஜி.யைக் கண்டுபிடித்து, டியூட்டி இல்லாத நாளில் அரை மணி நேரம் கேட்டு, அம்மாவையும் அழைத்துப் போங்கள். மாதத்தில் எத்தனை இரவு டியூட்டி, டியூட்டி அறை எங்கே இருக்கிறது, இரவில் அங்கிருந்து விடுதிக்கு எப்படிப் போகிறார், உதவித்தொகை உரிய தேதியில் வருகிறதா, வீட்டில் ஒரு விசேஷம் என்றால் விடுப்புக்கு யார் கையெழுத்திடுகிறார் என்பதையெல்லாம் அம்மாவே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.